கண்மாயும் கண்ணாடி இழையும்

பெரியவர்களே, ஊராட்சிச் செயலர்களே, கரைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நான் முப்பது வருஷம் டெலிபோன் கேபிள் ஒட்டியவன். மேடைப் பேச்சு எனக்குத் தொழில் இல்லை. தெரிந்த கேபிளைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

தாமிரக் கம்பிக் காலத்தில் ஐப்பசி மழை பிடித்தால் எங்களுக்குத் தூக்கம் போச்சு. இணைப்புக்குள் தண்ணீர் இறங்கிவிடும். பாம்பனில் பேசுவது மண்டபத்தில் கொரகொரவென்று கேட்கும். இப்போது இன்டர்நெட் கொண்டுவருகிற ஃபைபர் அப்படி இல்லை, அது கண்ணாடி இழை. உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதைக் கம்பத்தில் பிடித்திருக்கிற கிளாம்ப் இரும்பு. அதுதான் துருப்பிடித்து விட்டுவிடுகிறது. அப்புறம் கேபிள் தொங்கும், மீன் லாரி இழுத்துக்கொண்டு போகும்.

கிராமங்களுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் வருகிறது, நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மட்டும் 429 ஊராட்சிகள். கேபிளை மாநில அரசு இழுத்துவிடும், சரி. அறுந்தால் யார் ஒட்டுவது?

ஒட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலைமுடி அளவு இழை. உறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் எதிரெதிரே வைக்க வேண்டும். சின்னத் திரையில் அவை ஒன்றையொன்று தேடி நகர்வது தெரியும். ஒரு மின்பொறி, இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். நடுவில் ஒரு துளி மணல் இருந்தால் போச்சு, திரும்ப வெட்ட வேண்டும். நம் கடற்கரையில் கிழக்குக் காற்றில் இந்த வேலையைச் செய்பவன் ஜீப்புக்குள் உட்கார்ந்துதான் செய்ய முடியும். அந்த இயந்திரத்தையும் அந்த ஆளையும் ஓர் ஊராட்சி தனியாக வைத்துக் கட்டுப்படியாகாது. பத்து ஊராட்சிகள் சேர்ந்தால் ஆகும்.

அமெரிக்காவில் வெர்மான்ட் என்றொரு சின்ன மாநிலம். நம் கிராம சபை மாதிரி அங்கே மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் போடுவார்கள். 2008-இல் அந்தக் கூட்டங்களில் 20-க்கும் மேற்பட்ட ஊர்கள் வாக்களித்து ஃபைபருக்காக ஒன்று சேர்ந்தன. அந்த வருஷமே உலகப் பொருளாதாரம் சரிந்தது, பெரிய கடன் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்களே கடன் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேபிள் இழுத்தார்கள். இப்படிச் சேர்கிற ஊர்களுக்கென்று தனிச் சட்டமே 2015-இல் வந்தது. வரிப்பணத்தைத் தொடக் கூடாது, சந்தாவில்தான் ஓட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் நாட்டில் தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது, அதாவது சட்டம் போடுவது டெல்லி கையில். ஆனால் தெரு, மரம், கட்டடம், ஊராட்சி அலுவலகத்தில் ஃபைபர் வந்து சேர்கிற பெட்டி இருக்கிற அறை எல்லாம் நம் கையில்தானே? கூட்டுக் குடிநீர் என்றால் நமக்குப் புதிதா? காவிரித் தண்ணீரே ஊர் ஊராகக் குழாயில் கைமாறித்தானே வருகிறது.

நம் ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்குக் கண்மாயைச் சொன்னால் புரியும். மேல ஊர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ ஊருக்குத் தண்ணீர். இப்போது ஃபைபரும் பல இடங்களில் அப்படித்தான் போகிறது: நடுவில் ஓர் ஊரில் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. ஆனால் கேபிளை வளையமாகச் சுற்றலாம், கண்மாயில் அது நடக்காது. ராமநாதபுரத்தில் இருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, அங்கிருந்து கடலாடி, முதுகுளத்தூர் வழியாகத் திரும்ப ராமநாதபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர்வாடிப் பக்கம் அறுந்தால் சாயல்குடிக்கு முதுகுளத்தூர் வழியாக வரும். மேல ஊர், கீழ ஊர் என்ற பேச்சே இல்லை. எந்த ஊராட்சியும் தன் எல்லைக்குள் மட்டும் நின்றுகொண்டு வளையம் போட முடியாது, அதுதான் விஷயம். வரப்புத் தகராறு பேசுகிற நாம் இதற்குச் சேர்வோமா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனாலும் கேட்கிறேன்.

போன மாதம் ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன், ஊர் பேர் வேண்டாம். மூன்று வாரமாக நெட் இல்லை என்று புகார். கேபிளில் ஒரு குறையும் இல்லை. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மின்விசிறியைச் செருகியிருந்தார்கள். வெயில், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கூட்டுக் குழு, தீர்மானம் எல்லாம் அடுத்த கிராம சபையில் பேசுங்கள். இன்றைக்கு ஊர் திரும்பியதும் அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால், முதலில் பிளக்கைத் தேடுங்கள்.