தவிப்பது பெற்றோரே! சுங்கை சிப்புட் பட்டிமன்றத்தில் ஓர் அம்மாவின் பேச்சு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும், கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கும்போது அதிகம் தவிப்பது பிள்ளைகளா, பெற்றோரா என்பது தலைப்பு. பெற்றோரே என்று பேச வந்திருக்கிறேன். வீட்டில் 16 வயதில் ஒரு மகன், கடல் தாண்டி கோத்தா கினபாலுவில் படிக்கும் ஒரு மகள். இதற்கு மேல் சாட்சி தேடி நான் எங்கே போவது?

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கண்கலங்காத குறையாகச் சொன்னார்: பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வருகிறது, நண்பர்கள் ஒருபக்கம் இழுக்கிறார்கள், கையில் காசு நிற்பதில்லை, திடீரென்று எல்லாவற்றையும் நாங்களே முடிவு பண்ண வேண்டியிருக்கிறது, தவிப்பது நாங்கள்தான் என்று. தம்பி, உங்களை நம்புகிறேன். ஆனால் இவ்வளவு தவிக்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிவரை எப்படித் தூங்குகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, என் மகன் குளியலறையில் அடித்துக்கொள்ளும் அந்த வாசனை எதற்காக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, நடுவர் ஐயா. 'திடீரென்று' என்றார் தம்பி. எது திடீரென்று? நம் மலேசியா பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் படிப்படியாகத்தான் கொடுக்கிறது. 12 வயதில் மைகாட் அடையாள அட்டை. 16 வயதில் மோட்டார் லைசென் எடுக்கலாம், 17இல் கார். அதையும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. முதலில் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள், கணினியில் சோதனை வைக்கிறார்கள், பழக்குவதற்கு ஒருவர் கூடவே நிற்கிறார், ஜே.பி.ஜே. என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரி நோட்டம் பார்க்கிறார், அதிலும் தேறிய பிறகு இரண்டு வருஷத்துக்குப் புது ஓட்டுநர் என்று காட்டும் 'பி' ஒட்டிக்கொண்டு ஓட்டு, ஊரார் கொஞ்சம் பார்த்துப் போகட்டும் என்கிறார்கள். 18 ஆனால் ஓட்டுரிமை. 2021 டிசம்பரிலிருந்து அதற்குப் பெயர்கூடப் பதிய வேண்டாம், தானாகவே வந்துவிடுகிறது. சரி, அந்தப் பக்கம் இவ்வளவு ஏற்பாடு. இந்தப் பக்கம்? மகன் மோட்டாரை வெளியே எடுத்த முதல் நாள் எனக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? நெற்றியில் ஒட்டிக்கொள்ள எனக்கு ஒரு பழகுநர் 'எல்' கொடுத்தார்களா?

இப்போது எங்கள் வீட்டு ராத்திரியைக் கேளுங்கள். மகன் நண்பர்களோடு ராத்திரியிலும் திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கிறான். பதினொரு மணிக்குள் வந்துவிடுவேன் என்றான். பத்தே முக்காலுக்கே இவன் அப்பா எழுந்துபோய் கேஸ் அடுப்பைச் சரிபார்க்கிறார். வாழ்நாளில் அந்த அடுப்பில் வெந்நீர்கூட வைத்திராத மனிதர்! அப்புறம் வாசல் விளக்கைப் போடுகிறார், அணைக்கிறார். கொசுக்கடியில் வாசல் நடைபாதையான ஐந்தடியில் நின்றுகொண்டு 'காற்று நல்லா வருது' என்கிறார். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் 'இது இவன் இல்லை, இது ஒய் பதினைந்து', 'இது பழைய இ.எக்ஸ். ஃபைவ், தண்ணி டாங்கி பக்கம் போகுது' என்று எனக்கு நேர்முக வர்ணனை வேறு. கடைசியில் முச்சந்தியில் நம் மோட்டார் திரும்பும் சத்தம் கேட்டதும், பார்க்க வேண்டுமே ஐயா, ஐம்பது வயது மனிதர் ஒரே ஓட்டத்தில் கட்டிலில் விழுந்து குறட்டை விடுகிறார். மகன் உள்ளே வந்து, 'அப்பா நல்லா தூங்குறார் மா, நீங்கதான் ரொம்ப டென்ஷன். ரிலேக்ஸ் லா' என்று எனக்கு அறிவுரை சொல்லிவிட்டு, சட்டியைத் திறந்து மீதிக் கறியைத் தின்றுவிட்டுப் போகிறான். மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு மேகி கோரெங்கும் சாப்பிட்ட வயிறு அது.

எதிரணி ஆசிரியை நல்ல கேள்வி ஒன்று கேட்டார். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் வேலைக்கே போனார்களே, பெற்றோர் இப்படியா தவித்தார்கள் என்றார். டீச்சர், அந்தப் பிள்ளை எங்கே போய்விடும்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றால் வேலை வாங்கும் மண்டோர் பார்ப்பார். பால்மரக் காட்டில் பக்கத்து நிரையிலிருந்து அத்தை பார்ப்பாள். தோட்டத்து வாசலில் காவல்கார ஜாகா. டவுனுக்குப் படம் பார்க்கப் போனால், அவன் திரும்பி வருவதற்குள் என்ன படம், யாரோடு போனான், இடைவேளையில் என்ன தின்றான் என்பதுவரை அம்மா காதுக்கு வந்துவிடும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் தடுப்புப் பலகை கூரைவரைக்கும்கூடப் போகாது. இந்தக் கோடியில் பிள்ளை இருமினால் அந்தக் கோடியில் ஒரு பாட்டி சுக்கு தட்ட ஆரம்பித்துவிடுவாள். கவலைப்பட வேண்டியதை மொத்தத் தோட்டமும் பங்குபோட்டுக்கொண்டது, பெற்ற தாய்க்கு அதில் ஒரு சின்னப் பங்குதான். (அந்தப் பிள்ளைக்கு அது பிடித்ததா என்று கேட்காதீர்கள், என் அண்ணன் இன்றைக்கும் அந்த ஜாகாவைத் திட்டுகிறார்.) ரப்பருக்குப் பதில் செம்பனை வந்து, லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்கு வந்தோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கள் வீட்டு நாயின் பெயர் தெரியும், என் மகன் பெயர் தெரியாது. தோட்டமே சுமந்த பாரத்தை இப்போது இரண்டே தலை சுமக்கிறது.

மகள் கதை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் ஐயா மணிமேல் கை வைத்துவிட்டார். 'சாப்பிட்டியா மா' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒரு டிக் விழுந்தால், ஐயோ போன் செத்துவிட்டதே. இரண்டு டிக் விழுந்தால், போன் இருக்கிறது, பிள்ளை எங்கே? நீல டிக் விழுந்தால், பார்த்துவிட்டும் ஏன் பேசவில்லை, காய்ச்சலோ? எந்த டிக் விழுந்தாலும் எனக்கு நிம்மதி கிடையாது. மறுநாள் மத்தியானம் ஒரு கட்டைவிரல் படம் வரும், அவ்வளவுதான். ஆனால் ரசம் வைக்கிற அன்றைக்கு மட்டும் வீடியோவில் வந்துவிடுவாள். 'புளி எவ்வளவுமா?' என்பாள். நானும் கையைக் குவித்துக் காட்டுவேன். அவளுக்கு அங்கே தவிப்பு என்றால் அது பத்து நிமிஷம், ரசம் கொதிக்கும்வரை. அதற்குப் பிறகு எனக்குத்தான் ராத்திரி முழுக்க, அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளே தவிக்கிறார்கள் என்று நிலைநாட்ட வந்த எதிரணித் தலைவர், நான் பேச ஆரம்பித்ததிலிருந்து மடியில் இருக்கும் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். என்ன அண்ணே என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். மகள் கோலாலம்பூரிலிருந்து முதன்முறையாகத் தனியாக இரயிலில் வருகிறாளாம், பத்துகாஜா தாண்டிவிட்டதா என்று பார்க்கிறாராம். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள் அண்ணே. தொகுப்புரைக்கு எழுந்து வரும்போது கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம். நன்றி, வணக்கம்.