ஊருணிக்கு ஒரு காவல் வேண்டும்

(முதுகுளத்தூர் வட்டாரத்தில் ஒரு கிராம நூலகத்தின் ஆண்டுவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, கிராம நிர்வாக அலுவலர் அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் நிர்வாகப் பெரியவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, இந்த நூலகத்தை மூட விடாமல் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் மனசு ஒப்பாது. இந்த வட்டாரத்தில் இன்று அரசு வேலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடிவாங்கிப் படித்தவர்கள். மாறுதல் கிடைத்தும் ஊரை விட்டுப் போகாதவர். அம்மா அவர்கள் பதவியில் இருந்த காலத்தில்தான் கிழக்குத் தெருவுக்குக் குழாய் வந்தது. பதவிக்காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பெண்கள் இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள் கடைசிவரை இருந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனியாக நன்றி சொல்கிறேன். ஏனென்றால் என் கோரிக்கையே அவரிடம்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வறட்சியும் வீட்டுத் தண்ணீரும்’. ஐந்து செய்திகள் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று, ஊருணி. இரண்டு, கூரையில் விழும் மழை. மூன்று, சீமைக்கருவேலம். நான்கு, வீட்டில் தண்ணீரைப் புழங்கும் முறை. ஐந்து, குடத்துக்கும் கேனுக்கும் விலை வைத்து நடக்கும் வியாபாரம். நேரம் இருக்கிறவரை பார்ப்போம்.

எங்கள் அப்பத்தா ஒரு பழமொழியை நாளுக்கு நாலு தரம் சொல்லுவார். ‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.’ உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள். அரசு அலுவலகங்களில் நம் மாவட்டத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று மேலதிகாரி மிரட்டினால் அது ராமநாதபுரத்தைத்தான் குறிக்கும். வெளியூர்க்காரர்கள் சொல்வது போகட்டும். நாமே சொல்கிறோம். ‘நம்ம ஊர்ல மழையே கிடையாதுங்க’ என்று வானத்தைப் பழிக்கிறோம்.

இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே மழை பெய்கிறது. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் இதில் கால் பங்குதான் பெய்யும். அங்கேயும் மனிதர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். நமக்குப் பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்தச் சில வாரங்களில் பிடித்து வைத்தால் உண்டு, விட்டால் கடலுக்கு. பூமிக்கு அடியில் தேடலாம் என்றால் பல ஊர்களில் உப்புத்தான் கிடைக்கிறது. இது நம் முன்னோருக்குத் தெரியும். அதனால்தான் விவசாயத்துக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊருணி என்று இரண்டையும் தனித்தனியாக வெட்டி வைத்தார்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் நம் மாவட்டத்தில் இருக்கிறது. வைகை ஆறு வந்து சேரும் பெரிய கண்மாய் நம் மாவட்டத் தலைநகரை ஒட்டியே இருக்கிறது. மேற்கு மலையில் ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே யோசித்தவர் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானியாக, அதாவது மந்திரியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை. பணவசதி இல்லாமல் அப்போது அது நின்றுபோனது. நடுவில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. 1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். அந்த யோசனை முதலில் முளைத்தது இந்த வறண்ட சீமையில் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சரி, ஊருணிக்கு வருகிறேன்.

நான் பிறந்த ஊர் ஊருணிக்கு ஒரு காவல்காரர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘ஊருணித் தாத்தா’. சம்பளம் ரொக்கமாகக் கிடையாது. அறுவடையில் வீட்டுக்கு இத்தனை மரக்கால் நெல் என்று ஊர் அளந்து கொடுக்கும். கையில் ஒரு வேப்பங்கம்பு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கரையில்தான் இருப்பார். ஆடு மாடு இறங்கக் கூடாது. குளிக்கக் கூடாது, துணி அலசக் கூடாது. செருப்பைக் கரைக்கு வெளியே கழற்ற வேண்டும். குடத்தைக் கழுவ வேண்டும் என்றால் மொண்டு எடுத்து மேலே வந்து கழுவ வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருக்கும் மாதங்களில் வீட்டில் பானையின் உட்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைப்பார்கள். காலையில் பளிங்கு மாதிரி தெளிந்திருக்கும்.

ஒரு சித்திரை மாதம். ஊரில் பெரிய சம்சாரி ஒருவர் தன் மகளை மதுரைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த மாப்பிள்ளை முதல்முறையாக விருந்துக்கு வருகிறார். வெள்ளை வேட்டி, பட்டுச் சட்டை, காலில் பளபளவென்று தோல் செருப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு மைல் புழுதியில் நடந்து வந்தவர், தண்ணீரைக் கண்டதும் நேரே படியில் இறங்கிவிட்டார், செருப்போடு. முகத்தைக் கழுவினார், வாயைக் கொப்பளித்து அந்தத் தண்ணீரிலேயே துப்பினார்.

தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். “யாரப்பா அது? மேலே ஏறு.”

“பெரியவரே, நான் யாரு தெரியுமா?” என்று மாப்பிள்ளை மாமனார் பேரைச் சொன்னார்.

“அந்த வீட்டுக்கு நீ மாப்பிள்ளை. ஊருணிக்கு மாப்பிள்ளை கிடையாது. மேலே ஏறு.”

சுற்றி நாலைந்து பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். புது மாப்பிள்ளைக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். “உங்கள் ஊரில் ஒரு காவல்காரன் என்னைப் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டான். அவனை அனுப்பினால்தான் இந்த வீட்டில் இலையில் உட்காருவேன்” என்று திண்ணையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. மாமியார் கையைப் பிசைகிறார். பெண் அழுகிறது. அதற்குள் ஊருக்கே சேதி தெரிந்துவிட்டது. ஊருணித் தாத்தாவுக்கு இன்றோடு வேலை போச்சு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். சின்னப் பையன்கள் நாங்கள் எல்லோரும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றோம்.

மாமனார் வெளியே வந்தார். தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார். “செருப்போட இறங்கினாரா?”

“இறங்கினாருங்க.”

“துப்பினாரா?”

“துப்பினாருங்க.”

மாமனார் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஊர்க்கட்டுப்பாட்டை மீறினால் ஊருணிக்குள் வண்டல் அள்ளி இத்தனை கூடை கரையில் கொட்ட வேண்டும் என்பது வழக்கம். “புது மனுசனுக்கு வழக்கம் தெரியாது. சொல்லிக் கூட்டி வராதது என் குத்தம்” என்று சொல்லிவிட்டு ஊருணிக்கு நடந்தார். அறுபது வயசு மனிதர். தண்ணீர் வற்றிய ஓரத்தில் இறங்கி மண்வெட்டியால் வண்டலை வெட்டிக் கூடையில் போட்டு, அவரே தலையில் தூக்கிக் கரையேறுகிறார். ஒரு கூடை போச்சு. இரண்டாவது கூடை போச்சு. மூன்றாவது கூடையைத் தூக்கும்போது பின்னால் இருந்து ஒரு கை வந்து அதை வாங்கியது. மாப்பிள்ளைதான். பட்டுச் சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் போட்டிருந்தார். செருப்பு கரைக்கு வெளியே கிடந்தது. மிச்சக் கூடைகளை அவர்தான் சுமந்தார். கடைசிக் கூடையைக் கொட்டியதும், தாத்தா தன் கலயத்தில் இருந்து தண்ணீர் ஊற்றி அவரைக் குடிக்க வைத்தார்.

அன்றைக்கு ராத்திரிதான் விருந்து நடந்தது. அதற்கப்புறம் அந்த மாப்பிள்ளை எப்போது ஊருக்கு வந்தாலும் முதலில் ஊருணிக் கரையில் தாத்தாவைப் பார்த்து வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டுத்தான் மாமனார் வீட்டுக்குப் போவார்.

தாத்தாவின் தைரியம் எங்கிருந்து வந்தது? தன் பின்னால் ஊர் நிற்கும் என்ற நம்பிக்கையில் இருந்து வந்தது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று வாயால் சொன்னதோடு நில்லாமல், சொந்த மாப்பிள்ளையானாலும் சரி என்று அந்த ஊர் நடந்துகாட்டியது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஊருணியின் படியில் எல்லாத் தெருப் பெண்களும் இறங்கிவிட முடியாது. சிலர் கரையில் காத்துக்கிடந்து, யாராவது மனது வைத்து ஊற்றினால்தான் குடம் நிறையும். அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் இங்கே வரவில்லை. நாம் மீட்கப்போகும் ஊருணியில் எல்லாத் தெருக் குடமும் ஒரே படியில் இறங்க வேண்டும். அதற்குச் சம்மதம் இல்லாத ஊரில் தூர் வாருவதில் பயன் இல்லை.

இன்றைய நிலைமை என்ன? திருச்சிக்குப் பக்கத்தில் முத்தரசநல்லூரில் இருந்து காவிரித் தண்ணீர் குழாயில் நமக்கு வருகிறது. மிகப்பெரிய காரியம், கொண்டுவந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் குழாய் வந்த அன்றைக்கே ஊருணியைக் கைகழுவிவிட்டோம். வழியில் எங்கேயாவது குழாய் உடைந்தாலும், மோட்டார் நின்றாலும் இங்கே தள்ளுவண்டியில் ஆறு குடத்தை அடுக்கிக்கொண்டு பெண்கள் கிளம்ப வேண்டியிருக்கிறது. வறண்ட ஊருணிக்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிரப்ப அரைமணி நேரம் காத்திருக்கிறார்கள். குடம் பத்து ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தண்ணீர் வண்டி தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

ஊருணியைத் தூர் வாரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூறு நாள் வேலையில் வாரினார்கள். குடிமராமத்து என்று 2017-இல் இருந்து அரசு பணம் கொடுத்தது. மதுரையில் இருக்கும் தானம் அறக்கட்டளை போன்றவர்கள் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பல ஊருணிகளைச் சீர்செய்தார்கள். ஆனால் பல இடங்களில் குழியைத் தோண்டினோமே தவிர, மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வாய்க்காலான வரத்துக்காலைத் திறக்கவில்லை. வரத்துக்காலில் வீடு நிற்கிறது, ரோடு போகிறது, சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும்? இன்னும் சில இடங்களில் ஆழம் போனால் நல்லது என்று பொக்லைனை விட்டு அடியில் இருந்த களிமண்ணையே கிழித்துவிட்டார்கள். கீழே மணல் வந்தால் தண்ணீர் இறங்கிப் போய்விடும். உப்புப் படிவம் வந்தால் ஊருணித் தண்ணீரே கரித்துவிடும். எவ்வளவு ஆழம் போகலாம் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கூரை மழையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் மாடி என்றால் ஆண்டுக்கு 80,000 லிட்டர் விழுகிறது. பாதி வீணாகிறது என்றே வையுங்கள். ஐந்து பேர் குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 30 லிட்டர் செலவழித்தால் ஆண்டுக்கு 11,000 லிட்டர் போதும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்துக் கூரையில் இருந்து விழுவதை அண்டாவில் பிடித்து வைத்துப் புழங்கினார்கள். 2003-இல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அப்போது போட்ட குழாய்கள் எத்தனை வீட்டில் இன்று உடையாமல் இருக்கின்றன என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே. மாடியில் விழுந்த நல்ல தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டு மழையைக் குறை சொல்வதும் பழிப்புத்தான்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி நிறையப் பேச ஆசை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன, அவர்களுக்கு வழி சொல்லாமல் வெட்டு வெட்டு என்று மேடையில் பேசுவது நியாயம் இல்லை. அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்ற இரண்டு செய்திகளையும் விட்டுவிட்டு, வந்த காரியத்துக்கு வருகிறேன்.

வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, எங்களுக்கு ஊருணிக்கு ஒரு காவல்காரர் வேண்டும். குடிநீர்த் தொட்டியை இயக்க ஊராட்சி ஆள் வைத்திருக்கிறது, மோட்டார் போட்டு வால்வு திறக்க அவருக்குச் சம்பளம் தருகிறது. அதே போல ஊருணிக்கும் ஒருவர். இந்த ஊர்ப் பெண் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீரின் அருமை அவருக்குத்தான் தெரியும். கரையைக் காப்பது, படியைச் சுத்தமாக வைப்பது, மழைக்கு முன்னால் வரத்துக்காலில் அடைப்பு எடுப்பது, இவை அவர் வேலை. அவர் ஒருவரைத் தடுத்தால், தடுக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் ஊராட்சி அவர் பக்கம் நிற்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரத்துக்கால் புறம்போக்கை நில அளவையரை வைத்து அளந்து கல் நட்டுக் கொடுங்கள். அளந்து காட்டினால் பாதி ஆக்கிரமிப்பு தானாக விலகிவிடும்.

மே 1-ஆம் தேதி கிராம சபை. மூன்று தீர்மானங்களை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்: ஊருணிக் காவல், வரத்துக்கால் அளவை, எல்லாத் தெருவுக்கும் ஒரே படி. தாள்கள் நூலக மேசையில் இருக்கின்றன. படித்துப் பார்த்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துப் போட்டவர்கள் அன்றைக்கு வீட்டில் இருந்துவிடாதீர்கள். மகளிர் குழுச் சகோதரிகள் மொத்தமாக வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வடக்கு வரத்துக்காலில் வேலை தொடங்குகிறோம். மண்வெட்டி, அரிவாள், கூடை இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். காலைக் கஞ்சி ஜமாஅத் பொறுப்பு என்று தலைவர் அவர்கள் சற்று முன்பு சொன்னார்கள், அவர்களுக்கு நன்றி. வெயில் ஏறுவதற்குள் பள்ளிக்கூடத்துப் பாலம்வரை எடுத்துவிட்டால், மிச்சத்தை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். வணக்கம்.