உப்புப் பாத்தியில் இரண்டு படிகங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பங்குனியில் ஒரு நாள் விடியற்காலையிலேயே பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்குப் போனேன். வேதியியல் பாடம் நடத்துகிறவன் நான். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா, கை நிறைய உப்பை அள்ளிப் பிள்ளைகளிடம் நீட்டினார். "பாருங்க மக்களே, காத்து அடிச்சா பொடியா விழும். காத்து அசங்காம கெடந்தா கல்லு பெருசா வெளையும்" என்றார்.

படிகம் எப்படி வளர்கிறது என்று நான் இரண்டு வகுப்புகள் எடுத்துச் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தண்ணீர் மெதுவாக வற்றினால், கரைந்திருக்கும் உப்பு ஏற்கெனவே முளைத்த கல்லின் மேல் நிதானமாகப் போய் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். அதனால் கல் பெருக்கும். காற்றடித்துத் தண்ணீர் கலங்கினால் ஒரே சமயத்தில் ஆயிரம் இடங்களில் முளை விடும், ஒன்றும் பெரிதாகாது. எல்லாம் அதே கடல், அதே உப்புதான். அடுக்கிய விதம் மட்டும் வேறு.

ஒரு பொருளின் குணம் அது எதனால் ஆனது என்பதில் மட்டும் இல்லை, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. இன்றைய உரையில் இதைத்தான் சொல்லப்போகிறேன். உப்புக் கல்லில் தொடங்கி நம் குடலுக்குள் இருக்கும் ஒரு புரதம் வரைக்கும் போவோம்.

அந்தக் கல்லுப்பை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சதுரம் சதுரமாகத் தெரியும். தட்டி உடைத்தாலும் சதுரமாகவே உடையும். இதற்குக் காரணம் 1913-ல்தான் தெரிந்தது. லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களை உப்புப் படிகத்தின் வழியே செலுத்தி, உள்ளே சோடியமும் குளோரினும் ஒன்றுவிட்டு ஒன்றாக முப்பக்கமும் வரிசை பிடித்து நிற்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினையும் சுற்றி ஆறு சோடியம். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கல்லின் ஓரத்தில் ஏறத்தாழ 35 லட்சம் அணுக்கள் இப்படி வரிசையாக நிற்கின்றன. இரண்டு ஆண்டுகளில், 1915-ல், பிராக்குக்கும் அவர் தந்தைக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. மகனுக்கு அப்போது வயது 25.

இதில் ஒரு விஷயம் பலருக்கு ஜீரணமாகவில்லை. அந்த அடுக்கில் "இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின்" என்று ஜோடியே கிடையாது. அதாவது உப்புக் கல்லுக்குள் உப்பு மூலக்கூறு என்று ஒன்றும் இல்லை. 1927-ல்கூட ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர், உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று கோபப்பட்டு 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் இன்றைக்கும் நம் வகுப்பறைகளில் உப்பு என்றால் என்ன என்று கேட்டால், சூத்திரத்தை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோமே, அதுதான் என் வருத்தம். சூத்திரம் வெறும் சாமான் பட்டியல். வீட்டுக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட் என்று சொன்னால் வாசல் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?

சதுரமாக உடைவதற்கு வருவோம். உப்புக் கல்லின் ஓர் அடுக்கை அழுத்தி ஒரு அணு தூரம் நகர்த்திவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதுவரை சோடியத்துக்கு நேரே குளோரின் இருந்தது. இப்போது சோடியத்துக்கு நேரே சோடியம். உப்பில் சோடியத்துக்கு ஒரு மின்னூட்டம், குளோரினுக்கு அதற்கு எதிரானது. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். அந்த இடத்தில் கல் சட்டென்று பிளந்துவிடும். பொன் இப்படி இல்லை. வடசேரியில் கோயில் நகை செய்கிற ஆசாரி பொன்னைத் தட்டத் தட்ட அது தகடாக விரிகிறதே தவிர உடைவதில்லை. அங்கே எல்லா அணுக்களும் ஒரே வகை, அவற்றுக்கு இடையே எலெக்ட்ரான்கள் பொதுச் சொத்தாகத் திரிகின்றன. ஓர் அடுக்கு நகர்ந்தாலும் அக்கம்பக்கம் முன்பு போலவேதான் இருக்கும். உப்பு நொறுங்குவதும் பொன் வளைந்து கொடுப்பதும் உள்ளே இருக்கும் வரிசை செய்கிற வேலை.

மணவாளக்குறிச்சிக் கரை மணலில் ரூட்டைல் என்ற கனிமம் இருக்கிறது. அது டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதே டைட்டானியமும் ஆக்சிஜனும், அதே அளவில், வேறு மாதிரி அடுக்கினால் அதற்கு அனடேஸ் என்று பெயர். ரூட்டைல் அடுக்கு ஒளியை அதிகம் வளைக்கும், அதனால் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டுக்கு அதைத்தான் விரும்புவார்கள். அனடேஸ் அடுக்கு வெயில் பட்டால் அழுக்கைச் சிதைக்கும் வேலையில் கெட்டி. இதை இத்துடன் விடுகிறேன், நமக்கு உயிருள்ள பொருளுக்குப் போக வேண்டும்.

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே குளிரில் சாளை மீனின் எண்ணெய் உறைவதில்லை. ஏன்? தேங்காய் எண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. வாரியலில் ஈர்க்குகள் சேர்ந்து நிற்பது போல நெருங்கி நின்றுகொள்ளும். சாளை எண்ணெயின் சங்கிலிகள் பல இடங்களில் வளைந்தவை. வளைந்த ஈர்க்குகளை வைத்து யாரும் இறுக்கமாக வாரியல் கட்ட முடியாது. சாளை கடலில் குளிர்ந்த நீரிலும் நீந்த வேண்டும், அதன் உடம்புக் கொழுப்பு உறைந்தால் அது பிழைக்காது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வும் இப்படிப்பட்ட கொழுப்புச் சங்கிலிகளால் ஆனதுதான். இரண்டே வரிசை. தண்ணீரை விரும்பும் தலைகள் வெளியே பார்த்து நிற்கும், எண்ணெய் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும். மொத்தக் கனமே நான்கைந்து நானோமீட்டர். இந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தை உப்போ சர்க்கரையோ லேசில் தாண்ட முடியாது. அப்படியானால் செல்லுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வாசல்கள்.

இங்கே மறுபடியும் உப்பளத்துக்குப் போக வேண்டும். உப்பு விளையப்போகும் பாத்தியில் தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் செறிந்த உப்பு நீரில் நாமெல்லாம் ஊறுகாய் ஆகிவிடுவோம். ஆனால் சில நுண்ணுயிர்கள் அதில்தான் செழிக்கும். நல்ல தண்ணீரில் போட்டால் அவை வெடித்துச் செத்துப்போகும். உலகத்து உப்பளங்களில் இப்படி வாழும் ஓர் உயிர் ஹாலோபாக்டீரியம். அதன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகள் உண்டு. 1971-ல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கெனியஸ் என்ற இருவர் அந்தத் திட்டில் இருப்பது பாக்டீரியோரொடாப்சின் என்ற ஒரே ஒரு புரதம் என்று காட்டினார்கள். நம் கண்ணின் விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் ரெட்டினல் என்ற பொருள், வைட்டமின் ஏ-யின் உறவு, அதே பொருள் இந்த உப்பளத்து உயிரிலும் இருக்கிறது.

என்னைப் பல ஆண்டுகளாக வியக்க வைக்கும் செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த ஊதாத் திட்டில் புரதங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து, தேன்கூட்டு அறைகள் போல ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. அதுவும் ஒரு படிகம்! பாத்தியின் அடியில் உப்புப் படிகம் விளைகிறது, மேலே மிதக்கும் உயிரின் தோலில் இன்னொரு படிகம், ஒரே ஒரு புரதக் கனத்தில்.

இயற்கை தானாகச் செய்து கொடுத்த இந்தப் படிகத்தால்தான் சவ்வுப் புரதத்தின் உருவத்தை மனிதன் முதன்முதலில் பார்க்க முடிந்தது. 1975-ல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்டு ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதை ஆராய்ந்தார்கள். நுண்ணோக்கிக்குள் வெற்றிடம். தண்ணீர் போய்விட்டால் புரதம் குலைந்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி, குளுக்கோஸ் கரைசலில் ஊற வைத்து உலர்த்துவது. தண்ணீர் போன இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டது. படத்தில் தெரிந்தவை ஏழு தூண்கள். சவ்வைக் குறுக்கே துளைத்து நின்றன.

ஏன் தூண்? புரதம் என்பது நீளமான சங்கிலி. அது கண்டபடி மடங்க முடியாது, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் கூடாது என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், தம் சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு வரைபடமாகவே போட்டுக் காட்டினார். உலகம் முழுக்க இன்றும் ஒரு புரத உருவம் சரியா என்று பார்க்க அந்த வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள். அதில் அனுமதிக்கப்பட்ட மடிப்புகளில் ஒன்று சுருள். சவ்வின் எண்ணெய்க்குள் சங்கிலி கைகோக்கத் தண்ணீர் கிடையாது. சங்கிலி தனக்குத்தானே கைகோத்துக்கொள்ள வேண்டும், சுருளில் அது முடியும். தூணாகத் தெரிந்தது அந்தச் சுருள்தான்.

சரி, இந்த ஏழு தூண் என்ன செய்கிறது? நடுவில் நீளமாக நிற்கும் ரெட்டினல்மேல் வெளிச்சம் பட்டதும் அது ஓரிடத்தில் வளைகிறது. அந்தச் சின்ன வளைவால் தூண்கள் கொஞ்சம் அசைய, ஒரு புரோட்டான் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பும். வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பி வரும் வேகத்தில் செல்லுக்குச் சக்தி கிடைக்கிறது. 1974-ல் ராக்கரும் ஸ்டோக்கெனியஸும் இந்தப் புரதத்தையும், மாட்டு இதயத்திலிருந்து எடுத்த சக்தி செய்யும் புரதத்தையும் ஒரே கொழுப்புக் குமிழியில் பதித்து வெளிச்சம் காட்டினார்கள். சக்தி உண்டானது. உப்பளத்து உயிரும் மாடும் ஒரே குமிழியில் சேர்ந்து வேலை செய்தன!

உப்புப் படிகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். உப்பில் ஓர் அடுக்கு நகர்ந்தால் கல் பிளக்கும். புரதத்தில் நகர்வதே வேலை. நாம் புத்தகத்தில் பார்க்கும் புரதப் படம் ஆட்டத்தின் நடுவே எடுத்த ஒரு புகைப்படம் மட்டும்.

இன்னொரு வாசல் பொட்டாசியத்துக்கு. நம் இதயத் துடிப்பும் நரம்பும் இதை நம்பி இருக்கின்றன. பொட்டாசியம் பெரியது, சோடியம் சிறியது. ஆனால் இந்த வாசல் பெரியதை நொடிக்குக் கோடிக்கணக்கில் விட்டுவிட்டுச் சிறியதைத் தடுத்துவிடுகிறது. ஓட்டை வழியே பெரியது போய்ச் சிறியது எப்படி நிற்கும்? 1998-ல் ராட்ரிக் மெக்கின்னன் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசிய வாசலைப் படிகமாக்கி விடை கண்டார். தண்ணீரில் இருக்கும்போது பொட்டாசியத்தை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து தாங்கும். அவற்றை விட்டுவிட்டு வந்தால்தான் குறுகிய வழிக்குள் நுழைய முடியும். உள்ளே எட்டு ஆக்சிஜன்கள் அதே தூரத்தில் அதைத் தாங்குகின்றன, அதனால் அதற்கு நஷ்டமில்லை. சோடியம் சிறியது, எட்டுக் கைகளும் அதற்கு எட்டாது. தண்ணீரை விட்டு வர அதற்கு மனமில்லை. உப்புக் கல்லில் ஆறு பேர் சுற்றி நின்ற அதே கணக்கு, இங்கே எட்டுப் பேர். 2003-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

கடைசியாக நம் சிறுகுடலின் வாசல். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் இது திறக்கும். குடல் பக்கம் வாய் திறந்திருக்கும்போது இரண்டு சோடியம் உட்கார, குளுக்கோஸ் ஒன்றுக்கு இடம் அமைகிறது. அது உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் மூடி, செல் பக்கம் திறக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் போகின்றன என்று 1960-ல் ராபர்ட் கிரேன் சொன்னார். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டினாலும் இந்த வாசல் கெடுவதில்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அப்படிக் குடித்தவர்களில் இறந்தவர் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

ஆகவே வீட்டில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-குளுக்கோஸ் பொட்டலம் கையில் இல்லாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளந்து போடுங்கள். பிள்ளைக்குப் பிடிக்கும் என்று சர்க்கரையைக் கூட்டாதீர்கள், கூடிய சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். உப்பையும் கூட்ட வேண்டாம். கலக்கிய தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நன்றி, வணக்கம்.