ஒரே ஒரு வேட்டை ரைஃபிள்தான் வாங்கலாம் என்றால்

வணக்கம் உறவுகளே. முதலில் இதைப் பாருங்கள். ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் தனியே மேசையில் கிடக்கிறது, தோட்டா இருக்கும் அறைக்குள் விரலை விட்டுக் காட்டுகிறேன், ஒன்றும் இல்லை. இதைச் செய்யாமல் நான் கமராவுக்கு முன்னால் ரைஃபிளை எடுக்க மாட்டேன்.

போன நவம்பரில் மான் வேட்டைக் காணொளி போட்டதிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணா, ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?" கனடாவின் ஒன்ராறியோவில் மானுக்கும் போக வேண்டும், அதிர்ஷ்டம் இருந்து மூஸ் என்ற பெரிய மான் இனத்தைச் சுட டாக், அதாவது அனுமதிச் சீட்டு, கிடைத்தால் அதற்கும் போக வேண்டும், கறுப்புக் கரடிக்கும் அதுவே போதுமாக இருக்க வேண்டும். நல்ல கேள்வி. எனக்கு அது வெறும் காசுக் கணக்கு இல்லை.

என்னோடு அம்மா இருக்கிறார். வன்னியில் இருந்து வந்தவர். நான் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை, சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, மனைவியும் படிவத்தில் கையெழுத்து வைத்து, முதல் தடவை விண்ணப்பிப்பவர்களுக்கு உள்ள அந்தக் குறைந்தது 28 நாள் காத்திருப்பும் முடிந்து அட்டை வந்த பிறகுதான் ஒரு நாள் கேட்டார், "எத்தனை வாங்கப் போகிறாய்?" என்று. ஒன்று என்றேன். "ஒன்றோடு நிற்பாட்டு" என்றார். அவ்வளவுதான். அதனால் இந்த வீட்டில் ஒன்றுதான், அது பூட்டிய பெட்டிக்குள், தோட்டாக்கள் வேறு இடத்தில் வேறு பூட்டுக்குள்.

அந்த ஒன்றை நான் முதலில் பிழையாகத்தான் வாங்கினேன். அதைச் சொல்லாமல் இந்தக் காணொளி செய்வதில் பயன் இல்லை.

கடையில் போய் மூஸுக்கும் சேர்த்து ஒரு ரைஃபிள் வேண்டும் என்றேன். கவுண்டரில் நின்றவர் யோசிக்கவே இல்லை, .300 வின்செஸ்டர் மாக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும், எடை குறைந்த ஒன்று, தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம் என்றார். நடக்கலாம்தான். ஆனால் எடை குறைந்த ரைஃபிளில் அவ்வளவு வெடிமருந்து எரிந்தால் அந்த உதை முழுவதும் உங்கள் தோளுக்குத்தான் வரும். ஒரு பெட்டி சுட்டு முடிப்பதற்குள் தோள் நீலமாகிவிட்டது. அப்புறம் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகவே மனம் வரவில்லை, தோட்டாவின் விலையும் கூட, ஆக பழக்கம் இல்லாமலே காட்டுக்குப் போனேன். எழுபது யார் (கெஜம்) தூரத்தில் ஒரு பெண் மான், பக்கவாட்டில் நிற்கிறது, அதைவிட இலகுவான சூடு கிடைக்காது. விசையை இழுக்கும்போது கண்ணை மூடிவிட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. குண்டு முன்காலில் கீழே பட்டது. பனியில் இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து இருட்டும் வரைக்கும் போனோம், அடுத்த நாள் மதியம் வரைக்கும் தேடினோம். கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த மான் என் மனதில் இருக்கிறது.

பிறகு என்னோடு வேட்டைக்கு வரும் ஒரு நண்பர் ரேஞ்சில் ஒரு வேலை செய்தார். எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றை நல்ல தோட்டாக்களோடு கலந்து போட்டுவிட்டார். நான் விசையை இழுத்தேன், 'டிக்' என்று சத்தம் மட்டும், ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. அடிக்கு முன்னாலேயே என் உடம்பு பயந்து குனிகிறது. வீட்டுக்கு வந்து அந்த ரைஃபிளை விற்றேன்.

சரி, இப்போது என் கையில் இருப்பது .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது. 1952-இல் வந்தது இந்தத் தோட்டா. அதற்கு அண்ணன் .30-06, அமெரிக்க இராணுவம் 1906-இல் எடுத்துக்கொண்டதால் அந்த 06. இரண்டிலும் குண்டின், அதாவது தோட்டாவின் முனையில் இருந்து பறந்து போவதன், விட்டம் ஒன்றுதான், வேறுபாடு மருந்து இருக்கும் உறையின் நீளத்தில், 51 மில்லிமீற்றருக்கு 63. நீண்ட உறைக்குள் கொஞ்சம் கூட மருந்து. 180 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டை வைத்துப் பார்த்தால் வழக்கமான தொழிற்சாலைத் தோட்டாக்களில் .308 செக்கனுக்கு 2,620 அடி, .30-06 2,700 அடி. இந்த 80 அடிக்காக ஆட்கள் மணிக்கணக்கில் சண்டை பிடிக்கிறார்கள். மானுக்கு அது தெரியாது, மூஸுக்கும் தெரியாது. மேற்கே கிரிஸ்லி கரடி இருக்கும் மலைகளில் நீங்கள் வேட்டையாடுவதாக இருந்தால், பாரமான குண்டுகளோடு .30-06 எடுங்கள் என்று நானே சொல்வேன். ஒன்ராறியோவின் அடர்ந்த காட்டில் பெரும்பாலான சூடுகள் 150 யாருக்குள்தான். உதை குறைந்ததை எடுங்கள். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா இன்னும் மெதுவாக உதைக்கும், மான் வேட்டை மட்டும் என்றால் அதைவிட சுகமானது குறைவு, மூஸையும் நல்ல குண்டோடு விழுத்தும். சுவீடனிலும் நோர்வேயிலும் அதே விட்டக் குண்டுள்ள பழைய 6.5 தோட்டாவால் நூறு வருடத்துக்கு மேலாக மூஸ் சுடுகிறார்கள். ஆனாலும் வடக்கே ஒரு சின்ன ஊரில் தோட்டா தீர்ந்து நிற்கும்போது அங்குள்ள கடைத் தட்டில் எது இருக்கும் என்று பாருங்கள், .308 இருக்கும், .30-06 இருக்கும்.

கனேடியன் ரேஞ்சர்ஸ் தெரியும்தானே, 1947-இல் தொடங்கிய படை, வடதுருவப் பக்கம் பனியில் சுற்றுபவர்கள். பனிக்கரடியில் இருந்து தங்களைக் காக்கவும் அவர்களுக்கு ரைஃபிள் வேண்டும். பல பத்தாண்டுகள் பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிளையே வைத்திருந்தார்கள், .303 தோட்டா. அதை மாற்றும்போது ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸை அடிப்படையாக வைத்து சி19 என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அது எந்தத் தோட்டா? .308. கையுறை போட்ட விரல் நுழையும்படி விசைக்காப்பு பெரிது, போல்ட் பிடியும் பெரிது. கடைத்தெருவில் வாங்கும் நாங்களும் இப்படித்தான் பார்க்க வேண்டும், காட்டில் என் கை எப்படி இருக்கும் என்று.

ஆகவே கடைக்குப் போகும்போது, இது ஜூலை மாதமாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் நவம்பர் ஜாக்கெட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துப் பாருங்கள். விசையில் இருந்து, தோளில் வைக்கும் கட்டையின் பின்முனை வரைக்கும் உள்ள நீளம் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேலே. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். டீ-சேர்ட்டோடு சரியாக இருந்த கட்டை, தடித்த ஜாக்கெட்டோடு அக்குளில் மாட்டிக்கொள்ளும், தலையை முன்னுக்கு நீட்ட வேண்டியிருக்கும், மான் அதற்குள் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள், கன்னத்தைக் கட்டையில் வையுங்கள், கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப், அதாவது மேலே பூட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கி, முழு வட்டமாகத் தெரிந்தால் அது உங்களுடையது. பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், டிக்கா, ரூகர் அமெரிக்கன், சாவேஜ் எதுவும் சுடும்.

மிச்சக் காசை ஸ்கோப்பில் போடுங்கள். இங்கே சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னாலும் மறைந்து அரை மணி பின்னாலும் சுடலாம், மான் வருவதும் அந்த மங்கலில்தான். சாதாரண 3-9x40 போதும், 3 முதல் 9 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர், கண்ணாடி நல்லதாக இருக்க வேண்டும். 150 கிரெய்ன் குண்டு 200 யாரில் குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால் 100 யாரில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் மேலே, 300 யாரில் எட்டு அங்குலம் போலக் கீழே. 200 வரைக்கும் ஒன்றும் யோசிக்காமல் நெஞ்சில் வைக்கலாம். அதற்கு மேலே நான் சுடுவதில்லை.

குண்டு பற்றி ஒன்று. ஜோன் நோஸ்லர் என்பவர் 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸுக்குப் போனார், கையில் .300 மாக்னம். சேறு காய்ந்த தோலில் பட்ட குண்டுகள் ஆழமாகப் போகாமலே உடைந்தன. அதற்குப் பிறகுதான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்தார், அது இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. ஆக, பெரிய தோட்டாவில் மோசமான குண்டு இருந்தால் அது உங்களைக் கைவிடும். மலிவுப் பெட்டியை ரேஞ்சுக்கு வையுங்கள், காட்டுக்கு நல்ல குண்டு.

முயல், வாத்து, வான்கோழி எல்லாவற்றுக்கும் இதுவே போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. வாத்துக்கு ஷொட்கன்தான், சிதறு குண்டுத் துப்பாக்கி. தென்மேற்கு ஒன்ராறியோவில் பல பகுதிகளில் மானுக்கே ரைஃபிள் அனுமதி இல்லை, உங்கள் வேட்டைப் பகுதியின் எண்ணை விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறேன். 150-இல் இருந்து 165 கிரெய்னுக்கு மாறலாமா என்று பார்க்கிறேன், அதே நண்பரிடம் பொய்த் தோட்டாவைக் கலந்து போடச் சொல்லியிருக்கிறேன். மேசையில் வைத்து மட்டும் இல்லை, முழங்காலில் நின்றும், மரத்தில் சாய்ந்தும் சுட்ட தாள்களை அடுத்த காணொளியில் அப்படியே காட்டுகிறேன்.