உழைக்காத பூவும் சாலொமோனின் உடையும்

(திரையில்: கற்கள் நிறைந்த மலைச்சரிவு. புல்லுக்கு நடுவே சிவப்புப் பூக்கள் காற்றில் அசைகின்றன.)

வணக்கம். கிறிஸ்தவ பக்தியில் பூக்களுக்கு என்ன பொருள் என்று கேட்டால், லீலி தூய்மைக்கு, ரோஜா அன்புக்கு, வயலட் தாழ்மைக்கு என்று பலரும் ஒப்பித்துவிடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அழகுக்கு ஒரு பூ, தாழ்மைக்கு வேறொரு பூ என்று பிரித்து வைத்துவிட்டால், இந்த மரபின் உயிரான எண்ணம் நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. ஏனெனில் மரபு தொடங்கும் இடத்தில் அழகும் தாழ்மையும் ஒரே பூவில்தான் இருக்கின்றன.

அந்த இடம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம். “காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்; அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை” என்று மலைப்பொழிவில் இயேசு சொல்கிறார். சாலொமோன் ராஜா கூடத் தன் சர்வ மகிமையிலும் அவற்றில் ஒன்றைப்போல் உடுத்தியிருந்ததில்லை என்றும் தொடர்கிறார். கிரேக்க மூலத்தில் வரும் சொல் ‘கிரினோன்’. ஆங்கிலத்தில் அதை லீலி என்று பெயர்த்தார்கள். பழைய தமிழ் வேதாகமமோ பூவின் பெயரைச் சொல்லாமல் காட்டுப்புஷ்பம் என்றது. தமிழே மூலத்தின் மனத்துக்கு நெருங்கி நிற்கிறது என்பது என் கருத்து. கலிலேயாவின் சரிவுகளில் யாரும் விதைக்காமலேயே மலரும் சிவப்பு அனிமோன் போன்ற பூக்களைத்தான் இயேசு சுட்டியிருக்கக்கூடும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

அடுத்த வசனத்தை நாம் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். ராஜாவை வென்ற அதே பூ, அங்கே இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பில் போடப்படும் புல்லாகிவிடுகிறது. அதற்கு உடுத்துவிப்பவர் தேவன் என்றும் அந்த வசனமே சொல்கிறது. சாலொமோனின் உடை நெய்து சேர்த்தது; பூவின் உடை கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டதைக் குறித்துப் பெருமை கொள்ள எதுவும் இல்லை என்பதால், அதன் அழகு இறைவனுடையதாகவும், அதன் நிலை தாழ்மையாகவும் ஒரே நேரத்தில் விளங்குகிறது.

(திரையில்: பழங்கால ரோமானிய விருந்து, விருந்தினர் தலைகளில் மலர் வளையங்கள்.)

ஆயினும் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களுக்குப் பூவோடு ஒரு சிக்கல் இருந்தது. மலர் வளையம் சூடுவது ரோமானிய வழிபாட்டோடும் விருந்தோடும் கலந்திருந்ததால், அவர்கள் அதைத் தவிர்த்தார்கள். தலையில் முட்களைச் சூடிய ஆண்டவரைப் பின்பற்றுபவர் தம் தலையில் பூச் சூடலாமா என்று தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கடுமையாகக் கேட்டார். மினூசியுஸ் பெலிக்ஸ் என்ற எழுத்தாளரின் பதில் இதைவிட இனிமையானது: நாங்களும் பூக்களை விரும்புகிறோம், ஆனால் அவற்றின் மணத்தை மூக்கால் நுகர்வதே எங்கள் வழக்கம், பின்னந்தலையால் அல்ல என்று அவர் தம் நூலில் ஒரு பாத்திரத்தைப் பேச வைக்கிறார். பூச்சூடும் நம்மவர் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

பின்னர் பூக்கள் மனிதர்களுக்கே உருவகமாயின. ஆண்டவரின் தோட்டத்தில் இரத்தசாட்சிகளின் ரோஜாக்கள் மட்டுமல்ல, கன்னியரின் லீலிகளும், மணமானவர்களின் ஐவிக் கொடிகளும், கைம்பெண்களின் வயலட்டுகளும் உண்டு என்று ஆயரும் இறையியலாளருமான புனித அகுஸ்தீன் ஒரு மறையுரையில் சொன்னார். அந்த வரிசையில் வயலட் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். மண்ணை ஒட்டி வளர்ந்து, தன் இலைகளுக்குள்ளேயே முகம் மறைத்து, மணத்தால் மட்டும் தன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் பூ அது. தாழ்மை என்ற தமிழ்ச் சொல்லிலேயே தாழ்ந்திருத்தல் அடங்கியிருப்பதைப் போல, இலத்தீனிலும் தாழ்மையைக் குறிக்கும் சொல் மண்ணைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஆகவே இடைக்காலத்தில் வயலட் மரியாளின் தாழ்மைக்கு அடையாளமானதில் வியப்பில்லை.

(திரையில்: ஓவியத்தின் நடுப்பலகை. கேமரா மெதுவாகக் கீழே இறங்கி, தரையில் நிற்கிறது.)

இதைக் கண்ணால் காண வேண்டுமானால் பிளாரன்ஸ் நகரின் உஃபீஸி அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓவியத்தின் முன் நிற்க வேண்டும். பிளெமிஷ் ஓவியர் ஹூகோ வான் டர் கூஸ் 1475ஆம் ஆண்டையொட்டி மூன்று பலகைகளில் வரைந்த போர்ட்டினாரி பீட ஓவியம் அது. ஆளுயரத்தை மிஞ்சிய அந்தப் படத்தில் தூதர்களும் இடையர்களும் சூழ்ந்திருக்க, குழந்தை இயேசு முன்னணை என்னும் தீவனத் தொட்டியில் அல்லாமல் வெறுந்தரையில் கிடக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டும் இரண்டு பாத்திரங்களும் உள்ளன. மண்பாத்திரத்தில் செந்நிற லீலியும் ஐரிஸ் பூக்களும் நிற்கின்றன. கண்ணாடிக் குவளையில் கொலம்பைன் பூக்களும், பின்னாளில் சிலுவை ஆணிகளுக்கு அடையாளமாக வாசிக்கப்பட்ட சிவப்புக் கார்னேஷன்களும் இருக்கின்றன. வயலட்டுக்கு மட்டும் பாத்திரம் இல்லை. அது தரையில் உதிர்ந்து கிடக்கிறது. குழந்தை கிடக்கும் அதே தரையில்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கும் பூவை இப்படியே நடத்துகிறது. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளின்படி பூ அலங்காரம் அளவோடு இருக்க வேண்டும். அது பீடத்தின் மேல் அல்லாமல் பீடத்தைச் சுற்றி வைக்கப்பட வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில், அதன் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, பீடத்துக்குப் பூ அலங்காரமே இல்லை.

(திரையில்: பழைய புத்தகம் ஒன்று திறக்கிறது. பக்கங்களுக்கிடையே உலர்ந்த சிறு பூ.)

இந்த எண்ணத்தை வாழ்ந்து காட்டியவர், சிறுமலர் என்று அழைக்கப்படும், பிரான்சின் லிசியே நகரைச் சேர்ந்த புனித தெரேசா. எல்லாச் சிறு பூக்களும் ரோஜாவாக விரும்பினால் வசந்தம் தன் அழகை இழந்துவிடும் என்று அவர் எழுதினார். 1887இல், கார்மேல் சபைத் துறவியரின் மடத்தில் சேர அவர் அனுமதி கேட்ட நாளில், அவருடைய தந்தை தாழ்ந்த சுவரொன்றில் வளர்ந்திருந்த சிறிய வெள்ளைப் பூவைப் பறித்துக் கொடுத்தார். பறிக்கும்போது அது வேரோடு வந்தது. வேறொரு மண்ணில் வாழப்போகும் தம்மை அந்தப் பூவில் தெரேசா கண்டார். அதை ஒரு பக்தி நூலின் பக்கங்களுக்கிடையே வைத்துக்கொண்டார். 1895இல் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கியபோது, பூ அந்த நூலிலேயே இருந்தது. தண்டு மட்டும் வேருக்கு அருகில் முறிந்திருந்தது. இறைவன் தம் சிறுமலரின் கட்டுகளை விரைவில் அவிழ்க்கப்போகிறார் என்று அதற்கு அவர் பொருள் கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 24ஆம் வயதில், அவர் இறந்தார்.