ஆறு மீட்டர் குழலில் ஒரு விந்தணு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலமாகியும் குழந்தை தங்கவில்லை என்றால், இப்போது ஆணுக்கும் ஒரு பரிசோதனை எழுதித் தருகிறார்கள். விந்துப் பரிசோதனை. அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது ஒரே வரியைத்தான். ‘கவுண்ட் எவ்வளவு?’ கோடிக்கணக்கில் இருந்தால் நிம்மதி, குறைந்தால் கலக்கம். நான் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவன். எத்தனை என்று எண்ணுவது அங்கே பாதி வேலை. மீதிப் பாதி, எப்படி என்று பார்ப்பது. ஓடுகிறதா, நேராக ஓடுகிறதா, நின்ற இடத்திலேயே துடிக்கிறதா. இந்த ‘எப்படி’ என்பதில் பெரும் பங்கு உள்ள ஓர் உறுப்பின் பெயரைப் பலர் கேட்டதுகூட இல்லை. எபிடிடைமிஸ். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று வானொலியை அணைத்துவிட வேண்டாம். உடம்பைப் பற்றிய பேச்சு, கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

விரை என்கிறோமே, அந்த விந்தகத்தின் பின்பக்கம், மேலிருந்து கீழாக ஒட்டினாற்போல ஒரு மெல்லிய தடிப்பு இருக்கிறது. அதுதான் எபிடிடைமிஸ். மேல்பகுதியைத் தலை என்றும், நடுவை உடல் என்றும், கீழே குறுகுவதை வால் என்றும் சொல்கிறோம். இந்த மூன்று சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தலை, உடல், வால். வெளியிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் நீளம்தான். உள்ளே இருப்பது ஒரே ஒரு குழல், நூற்கண்டு மாதிரி சுருண்டு சுருண்டு கிடக்கிறது. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஆறு மீட்டர்! விந்தகத்தில் உருவாகும் ஒவ்வொரு விந்தணுவும் தலை வழியாக உள்ளே நுழைந்து, இந்த ஆறு மீட்டரையும் கடந்து, வால் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

விந்தணுவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அது ஆறு மீட்டரை நீந்தியா கடக்கிறது? இல்லை. அதற்கு அப்போது நீந்தவே தெரியாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பேச்சின் மையமே இதுதான். விந்தகத்தை விட்டுக் கிளம்பும் விந்தணு பார்வைக்கு முழுமையானது. தலை இருக்கும், வால் இருக்கும். ஆனால் அதனால் முன்னேறி ஓடவும் முடியாது, தானாகப் போய்க் கருமுட்டையைத் துளைக்கவும் முடியாது. திரவத்தின் ஓட்டமும் குழல் சுவரின் தசை அசைவும்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. விந்தகத்துக்குள் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 64 நாள். அதன் பிறகு இந்தக் குழலில் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை. இரண்டையும் கூட்டினால் இரண்டரை மாதம் என்று வையுங்கள். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

மாணவர்களுக்கு இதைக் காட்டுவதென்றால் நான் எலியின் எபிடிடைமிஸைத்தான் எடுப்பேன். இளஞ்சூட்டில் உள்ள உப்புக் கரைசலில் வால் பகுதியைப் போட்டு, ஊசி முனையால் லேசாகக் கீறினால் போதும். வெள்ளையாக ஒரு கலங்கல் பிதுங்கி வரும். அதில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் ஓட்டம். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, தகட்டின் விளிம்புவரை. அடுத்து, அதே விலங்கின் தலைப்பகுதியிலிருந்து ஒரு சொட்டு. பார்க்கிறவர்கள் ‘சார், செத்துப்போச்சா?’ என்று கேட்பார்கள். பெரும்பாலானவை அசையாது. அசைகிறவையும் அதே இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வட்டமடிக்கும். இரண்டு சொட்டையும் அடுத்தடுத்து ஒருமுறை பார்த்தவர்களுக்கு எபிடிடைமிஸ் வெறும் வழிப்பாதை என்று தோன்றவே தோன்றாது.

ஆனால் அப்படியும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். டபிள்யூ. சி. யங் என்று ஓர் அமெரிக்க விஞ்ஞானி. கினிப்பன்றிகளின் எபிடிடைமிஸைக் கட்டுப்போட்டு அடைத்துப் பார்த்தார். 1931-இல் அவர் வந்த முடிவு இது: விந்தணுவில் நடக்கும் மாற்றங்களுக்கு வேண்டியது விந்தணுவுக்குள்ளேயே இருக்கிறது, விந்தகத்தில் தொடங்கிய வளர்ச்சியின் தொடர்ச்சிதான் இது, குழல் அதற்கு நேரம் கொடுக்கிறது, அவ்வளவே. நேரமா, இடமா? கேள்வி இதுதான். யங் நேரத்தின் பக்கம் நின்றார். நீண்ட காலம் அந்த முடிவு நின்றது.

1960-களில் முயல்களை வைத்து இரண்டு பேர் இதை மறுபடி கிளறினார்கள். ஒருவர் மரி-கிளேர் ஒர்ஷபான்-கிறிஸ்ட், இன்னொருவர் மைக்கேல் பெட்ஃபோர்ட். குழலின் வெவ்வேறு இடங்களிலிருந்து விந்தணுக்களை எடுத்துப் பெண் முயல்களுக்குச் செலுத்தினார்கள். தலைப்பகுதி விந்தணுவால் கரு உருவாகவில்லை. உடலின் கீழ்ப்பகுதிக்கு வரும்போது திறன் எட்டிப் பார்த்தது. வாலில் முழுமையாக இருந்தது. சரி, அது நேரத்தால் வந்ததாகவும் இருக்கலாமே? அதற்காகக் குழலைக் கட்டி, விந்தணுக்களை மேலேயே தேங்க வைத்தார்கள். வேண்டிய நேரம் கிடைக்கட்டும் என்று. நேரம் கிடைத்தது, ஓரளவு ஓட்டமும் வந்தது. ஆனால் கருத்தரிக்க வைக்கும் திறன் வரவில்லை! அந்தத் திறன் வர, குழலில் கீழே உள்ள இடங்களைத் தொட்டு வந்தாக வேண்டும். முதிர்ச்சி முடியாத விந்தணு எப்படியோ கருமுட்டையைச் சேர்ந்தாலும், அப்படி உருவான கருக்கள் அழிந்துபோவது அதிகம் என்பதையும் ஒர்ஷபான்-கிறிஸ்ட் 1967-இல் காட்டினார். இந்த ஒரு வரிக்காகவே அந்த அம்மாவை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இடம் என்ன செய்கிறது? விந்தணுவின் தலைக்குள் மரபுப்பொருள் இறுக்கி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து எதையும் படித்துப் புதுப் புரதம் செய்துகொள்ள அதனால் முடியாது. ஆகவே மாற்றம் எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முதலில் கூட வந்த திரவத்தின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, விந்தணுக்கள் நெருக்கமாகின்றன. பிறகு குழல் சுவரின் செல்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு புரதங்களைச் சுரக்கின்றன. அவை விந்தணுவின் மேல்தோலில் படிகின்றன, ஏற்கெனவே இருந்த சிலது வெட்டப்படுகிறது. எபிடிடைமோசோம் என்று நுண்ணிய கொப்புளங்கள் இருக்கின்றன. அவை புரதத்தையும் கொழுப்பையும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. விந்தணுவின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு சிறு துளி மெல்லக் கீழிறங்குகிறது. தலைக்குள் இருக்கும் மரபுப்பொருள் கந்தகப் பிணைப்புகளால் இன்னும் இறுகுகிறது. இத்தனைக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் குழலே வேலையை நிறுத்திவிடும்.

இதில் ஒரே ஒரு புரதத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். பீட்டா டிஃபென்சின் 126. குழலில் விந்தணுவின் மேல் போர்வையாகப் படிவது. கருப்பை வாயில் இருக்கும் சளியைக் கடக்க உதவுவது. சில ஆண்களுக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் குறை இருக்கும். அவர்களுடைய கவுண்ட் சரியாக இருக்கும், ஓட்டமும் சரியாக இருக்கும், அறிக்கையில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட தம்பதிகளுக்குக் கரு தங்கத் தாமதமாகிறது என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ‘எல்லாம் நார்மல்’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் குறை மனைவியிடம்தான் என்று பேசுகிற குடும்பங்கள் இதைக் கேட்க வேண்டும். எண்ணிக்கையும் ஓட்டமும் பார்க்கிற சோதனைக்கு அந்தப் போர்வை தெரியாது.

இனி, கதையின் அடுத்த திருப்பம். யங் முழுக்கத் தவறா? மனிதரிடம் வந்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அடைப்புள்ளவர்களுக்கு, அடைப்புக்கு மேலே குழலை நேரடியாக விந்துநாளத்தோடு, அதாவது வாலிலிருந்து விந்தணுவை வெளியே கொண்டுபோகும் குழாயோடு, இணைக்கும் அறுவை உண்டு. தலையை ஒட்டி, ஏன், அதற்கும் முன்னால் இணைத்த பிறகும் கரு தங்கியதை ஷெர்மன் சில்பர் என்ற மருத்துவர் 1980-களில் பதிவு செய்தார். குழலை ஏறக்குறையத் தொடாமலேயே வந்த விந்தணு! ஆக மனிதரில் நேரத்துக்கும் பங்கு இருக்கிறது. 1992-இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் இக்ஸி முறையை அறிவித்தார்கள், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துவது. அதன் பிறகு விந்தகத்திலிருந்தே எடுத்த விந்தணுவாலும் குழந்தைகள் பிறக்கிறார்கள். அப்படியானால் எபிடிடைமிஸ் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஊசி இருக்கும் இடத்தில் நீந்த வேண்டாம், சளியைக் கடக்க வேண்டாம், முட்டையின் உறையைத் துளைக்க வேண்டாம். ஊசி இல்லாத இடத்தில் இத்தனையும் வேண்டும். படுக்கையறையில் ஊசி கிடையாது.

இப்போது வீட்டுக்குப் பயன்படும் விஷயம். பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ‘சேர்த்து வைத்தால் பலம்’ என்று இரண்டு வாரம், மூன்று வாரம் கூடாமல் இருந்துவிட்டு, கருமுட்டை வெளிப்படும் நாளில் மட்டும் கூடுகிறார்கள். வால் பகுதி ஒரு சேமிப்பிடம்தான். அங்கே விந்தணுக்களை அசையாமல் அடக்கி வைத்திருக்கிறது உடம்பு. ஆனால் சேமிப்புக்கு ஒரு காலம் உண்டு. நாள் ஆக ஆக எண்ணிக்கை கூடும், ஓட்டம் குறையும், மரபுப்பொருளில் சிதைவு ஏறும். உலக சுகாதார நிறுவனம் பரிசோதனைக்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி என்று சொல்வது சும்மா இல்லை. குழந்தை வேண்டுவோர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூடுவதே நல்லது. சேர்த்து வைக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், சேர்த்து வைக்காதீர்கள்.

அடுத்தது, அந்த இரண்டரை மாதக் கணக்கு. கடும் காய்ச்சல் வந்து போன சில வாரத்தில் விந்துப் பரிசோதனை செய்தால் மோசமாகத்தான் வரும். அது உங்கள் நிலை அல்ல, உங்கள் காய்ச்சலின் நிலை. ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை அறுவை, செய்துகொண்டவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அறுவைக்குப் பிறகும் பாதையில் பழைய விந்தணுக்கள் மிச்சமிருக்கும். மூன்று மாதம் வேறு தடுப்பு வேண்டும், பிறகு பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும்.

‘பூச்சியம்’ என்று அறிக்கை வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வந்த ஒருவர், நாற்காலியில் உட்காராமல் அந்தத் தாளை மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். அதுவரை அவரைப் பார்த்த யாரும் கைவைத்துப் பரிசோதிக்கவே இல்லை. பரிசோதித்த மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. விரைகளின் அளவு சரியாக இருந்தது, எபிடிடைமிஸ் புடைத்திருந்தது. உற்பத்தி நடக்கிறது, பாதைதான் அடைபட்டிருக்கிறது. பழைய தொற்று காரணமாக இருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே விந்துநாளம் இரண்டும் இருக்காது, அது சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் உள்ள குறையோடு தொடர்புள்ளது. அந்தக் குறை குழந்தைக்கும் போகக்கூடும், அப்படியானால் இக்ஸிக்குப் போகுமுன் மனைவிக்கும் அந்த மரபணுவைப் பரிசோதிக்க வேண்டும். அடைப்புள்ள குழலில் ஒரு வினோதம் உண்டு. வாலில் தேங்கியவை கிழடுதட்டிச் செத்திருக்கும், மேலே தலையை நெருங்க நெருங்கத்தான் உயிருள்ளவை கிடைக்கும். இயல்பான குழலுக்கு நேர் எதிர்.

புகை, வெப்பம், நரம்புப் புடைப்பு, ஆண்களுக்கான புதிய கருத்தடை ஆய்வுகள் என்று இன்னும் குறித்து வைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். விரையில் வலி, வீக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால் எபிடிடைமிஸில் தொற்றாக இருக்கலாம். முழு அளவு மருந்து எடுக்காமல் விட்டால் வடுவும் அடைப்பும் மிஞ்சும். பால்வினைத் தொற்று என்றால் துணைவருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. ஆனால் சிறுவனுக்கோ இளைஞனுக்கோ திடீரென்று கடும் வலி வந்தால் அதைத் தொற்று என்று நினைத்து வீட்டில் காத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அறைக்குப் போனால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். இரவானாலும் கிளம்புங்கள். வணக்கம்.