டோனி ஹோரும் குவிக்சார்ட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் ஒரு பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொன்னால் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறது. அதற்குப் புகழ்பெற்ற ஒரு முறை உண்டு: குவிக்சார்ட். அது உருவான விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை.

கண்டுபிடித்தவர் டோனி ஹோர். ஆங்கிலேயர், ஆனால் 1934-இல் பிறந்தது நம் கொழும்பில். ஆக்ஸ்போர்டில் படித்தது கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும். அப்புறம் கடற்படையில் ரஷ்ய மொழி கற்றார். அந்தப் பயிற்சியோடு மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்.

அங்கே அவரை ஈர்த்தது கணினிவழி மொழிபெயர்ப்பு. அன்றைக்கு அகராதி காந்த நாடாவில் அகரவரிசையில் இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டினால் கட்டுப்படியாகாது. வாக்கியத்தின் சொற்களை முதலிலேயே வரிசைப்படுத்திவிட்டால் ஒரே ஓட்டத்தில் தேடி முடிக்கலாம். சரி, எப்படி வரிசைப்படுத்துவது? பக்கத்துப் பக்கத்துச் சொற்களை ஒப்பிட்டு இடம் மாற்றுவதுதான் முதலில் தோன்றியது. அது மிக மெதுவான வழி. 10 லட்சம் சொற்கள் இருந்தால் ஏறக்குறைய 50,000 கோடி ஒப்பீடுகள் வேண்டும்.

அடுத்து வந்த யோசனை அழகானது. ஏதாவது ஒரு சொல்லை எடுங்கள். அதற்கு முன்னால் வர வேண்டியவற்றை ஒரு பக்கமும், பின்னால் வர வேண்டியவற்றை மறுபக்கமும் தள்ளுங்கள். எடுத்த சொல் தன் சரியான இடத்துக்கு வந்துவிட்டது, இனி அதைத் தொட வேண்டாம். இரண்டு பக்கங்களிலும் தனித்தனியே இதையே திரும்பச் செய்யுங்கள். அதே 10 லட்சம் சொற்களுக்குச் சராசரியாக 3 கோடி ஒப்பீடுகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இதை நிரலாக எழுதுவதில் சிக்கல். பிரிக்கும் பகுதியை எழுதிவிட்டார். பிரிந்து பிரிந்து சேரும் மிச்சத் துண்டுகளுக்கு எப்படிக் கணக்கு வைப்பது என்பது பிடிபடவில்லை. 1960-இல் லண்டன் அருகே எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே எழுதச் சொன்ன வரிசைப்படுத்தும் முறையைவிட வேகமானது தன்னிடம் இருப்பதாகச் சொன்னபோது, இருக்காது என்று மேலாளர் ஆறு பென்ஸ் பந்தயம் கட்டினார். ஹோர்தான் ஜெயித்தார்.

1961-இல் பிரைட்டனில் அல்கால் 60 என்ற புதிய நிரல்மொழிக்கு வகுப்பு நடந்தது. பாடம் நடத்தியவர்கள் பீட்டர் நவுர், எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பீட்டர் லாண்டின். அந்த மொழியில் ஒரு செயல்முறை தன்னைத்தானே அழைக்கலாம். தற்சுழற்சி என்கிறோமே, அதுதான். மிச்சத் துண்டுகளின் கணக்கை இனி மொழியே பார்த்துக்கொள்ளும். ஹோரின் முறை சில வரிகளில் அடங்கிவிட்டது. அந்த ஆண்டே அச்சிலும் வந்தது. யோசனை முன்பே இருந்தது, அதைத் தெளிவாகச் சொல்ல இடம் கொடுத்தது அல்கால். நிரல்மொழி வடிவமைப்பை வெறும் வசதி என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

அந்த நன்றியோ என்னவோ, எலியட்டில் அல்காலுக்குக் கம்பைலர், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், எழுதும் குழுவை ஹோரே நடத்தினார். 100 இடங்கள் உள்ள பட்டியலில் 101-ஆவது இடத்தை நிரல் தொட்டால், உடனே பிழை என்று நிறுத்தும் சோதனையை அதில் வைத்தார். வேகத்துக்காக அந்தச் சோதனையை அணைத்துவைக்கும் வசதி வேண்டுமா என்று பின்னாளில் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, அத்தனை பேரும் வேண்டாம் என்றார்கள்.